மன அமைதி முன்காப்புக் குழுவின் மூன்று அமர்வுகள்

எங்கோ வடக்கே ஓர் ஊரில், இருக்கைத் தகராறில் ஒருவன் பேருந்து நடத்துனரைக் கல்லால் அடித்துவிட்டான். மறுநாள் காலை தேநீர்க் கடைகளில் வந்து இறங்கிய நாளிதழில் 'மனநோயாளி வெறிச்செயல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அடித்தவனுக்கு மனநோய் ஏதும் கிடையாது, மூக்கு முட்டக் குடித்திருந்தான், அவ்வளவுதான் என்ற செய்தி சில நாள் கழித்து உள்பக்கத்தில், வாழைத்தார் விலைக்குக் கீழே வந்தது. அதற்குள் கோவில்பட்டியில் குழு அமைத்தாகிவிட்டது. அமைத்த குழுவைக் கலைக்க வேண்டுமானால் அதை ஆராய இன்னொரு குழு வேண்டும். இதுவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். அரசாங்கமே பிராந்திக்கடை நடத்தத் தொடங்கியதற்கு மறு வருஷம் அது.

குழுவின் பெயர் மன அமைதி முன்காப்புக் குழு. தலைவர் வன்னியபெருமாள், எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் கடை கடையாக ஏறி, படிக்கற்களை நிறுத்துப் பார்த்து முத்திரை குத்தியவர். மனுஷ மனத்தை நிறுப்பதற்கு இவரைவிடத் தோதான ஆள் கிடையாது என்று மேலிடத்தில் முடிவு செய்திருந்தார்கள். வேறு யாரும் அந்தப் பொறுப்புக்கு வர ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உறுப்பினர்கள் இரண்டு பேர். ஒருவர் மனநல டாக்டர் ஜேம்ஸ்ராஜ். இன்னொருவர் ஏட்டு நல்லக்கண்ணு.

எப்போதும்வென்றான் ஊருக்கு மேற்கே ஓடைக்கரைப்பட்டியில் இருந்த சீனித்தாய்க்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மாத்திரை. அவள் தம்பி சோலை ஆடு மேய்க்கிறவன். மீசை அரும்பிய வயசில் நோய் கண்டு, ஒரு பருவம் முழுக்க உறக்கமில்லாமல், யாரோ தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று காதைப் பொத்திக்கொண்டு கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தான். ஜேம்ஸ்ராஜ் டாக்டர் மாதம் ஒருமுறை பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு மாத்திரை கொடுத்தார். சோலை உறங்கினான். பிறகு எழுந்தான். தொரட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டுக்குப் பின்னால் நடந்தான். அப்படியே பல வருஷம் நடந்தான். யாரையும் ஒரு சொல் வைததில்லை.

முகாமைக் குழுவோடு இணைத்துவிட்டார்கள். ஆளைக் குழு பார்க்க வேண்டும், ஆபத்து எவ்வளவு என்று தீர்மானிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மாத்திரை என்றார்கள். சரி, பார்த்துவிட்டுக் கொடுக்கட்டும் என்றுதான் சீனித்தாய் நினைத்தாள்.

முதலில் வீட்டுச் சோதனைக்கு ஏட்டு நல்லக்கண்ணு வந்தார். மூலையில் சாத்தியிருந்த தொரட்டியைப் பார்த்தார். நீளக் கழியின் நுனியில் வளைந்த கத்தி. மரத்துக் காயையும் தழையையும் ஆட்டுக்கு இழுத்துப் போட அது இல்லாமல் எந்த மேய்ப்பனும் வீட்டை விட்டு இறங்குவதில்லை. ஏட்டு அதை 'கூர்மையான ஆயுதம், நீளமானது' என்று எழுதிக்கொண்டார். சீனித்தாய் தீப்பெட்டிக் கம்பெனிக்குச் சட்டத்தில் குச்சி அடுக்கிக் கொடுப்பவள். மூட்டையாகக் கிடந்த குச்சியை 'தீ வைப்பதற்கான பொருள்' என்று எழுதினார். அந்தப் பக்கத்தில் குச்சி கிடக்காத வீடு ஒன்றைக் காட்டச் சொன்னால் அவராலேயே காட்ட முடியாது.

"வீட்டுல படுக்க மாட்டானோ?"

"கிடையில படுப்பான்யா."

"எந்த ஊர்ல?"

"எவிய புஞ்சையில கிடை போடச் சொல்லுதாவளோ, அங்கன."

அறுப்பு முடிந்த புஞ்சைகளில் உரத்துக்காக ஆட்டை அடைத்துப் போடுவதுதான் கிடை. இன்றைக்கு ஒருவர் புஞ்சை, நாளைக்கு வேறொருவர் புஞ்சை. மேய்ப்பவனும் ஆட்டோடேயே படுப்பான். 'நிலையான இருப்பிடம் இல்லை. இரவில் பிறர் நிலங்களில் திரிபவர்' என்று ஏட்டு எழுதினார்.

"தனியாப் பேசுவானா?"

"ஆட்டோட பேசுவான்."

"ஆடு பதில் பேசுமோ?"

"கத்தும்யா."

'குரல் கேட்பதாகத் தெரிகிறது' என்று எழுதிக்கொண்டார். நல்லக்கண்ணுவின் அப்பாவும் ஆடு மேய்த்துத்தான் அவரைப் படிக்க வைத்தார். அவருக்குத் தெரியாமல் இல்லை. படிவத்தில் ஆட்டுக்கு இடம் இல்லை.

முதல் அமர்வு கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழைமரமும் 'நல்வரவு' பலகையும் அப்படியே இருந்தன. மணமேடையில் குழு உட்கார்ந்திருந்தது. பின்னால், மணமக்களின் பெயரை மறைத்துக் குழுவின் பேனர் கட்டியிருந்தார்கள். மணமகளின் பெயரில் கடைசி இரண்டு எழுத்து மட்டும் மறையவில்லை.

சோலை அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, கடைத்தெருவில் வாங்கிய கடலைமிட்டாயை மென்றுகொண்டு அக்காவோடு நடந்து வந்தான். வாசலில் நின்ற காவலர் விடவில்லை. நோயாளிகளைத் 'தகுந்த பாதுகாப்புடன்' அழைத்து வர வேண்டும் என்று சுற்றறிக்கையில் இருந்தது.

"கட்டாம கூட்டியாந்தா எப்படி உள்ள விடுதது? மேடையில பெரிய ஆளுக இருக்காவ."

சீனித்தாய் திரும்பிப் போய்க் கயிறு வாங்கி வந்தாள். சோலை மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினான். அவள் போட்ட முடிச்சைப் பார்த்து அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இந்தக் கட்டுக்குக் குட்டி கூட நிக்காதுக்கா. நுனியை உள்ள விட்டு இழு. இன்னும் இறுக்கு."

தம்பி சொல்லிக் கொடுத்தபடி அவள் கட்டினாள். நல்ல கட்டு. மாத்திரை கிடைக்க வேண்டுமே என்று இன்னொரு சுற்றும் சுற்றினாள்.

மேடைக்குப் போனதும் தலைவர் கேட்ட முதல் கேள்வி, இவனை ஏன் கட்டியிருக்கிறது என்பதுதான். கட்டினால்தான் விடுவோம் என்று வாசலில் சொன்னதைச் சீனித்தாய் சொன்னாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றி டாக்டரைப் பார்த்தார்.

"ஆபத்தில்லாதவனை யாராவது கட்டுவாங்களா டாக்டர்?"

அவள் பதறிப்போய் அவிழ்க்கப் போனாள். அவிழ்க்கக் கூடாது, ஆபத்து என்று ஏட்டு தடுத்தார். 'கட்டிய நிலையில் கொண்டுவரப்பட்டார்' என்று பதிவாயிற்று.

பிறகு டாக்டரை விளக்கச் சொன்னார்கள். ஜேம்ஸ்ராஜ் மதுரைக்கு மாறுதல் கேட்டு மனுப் போட்டிருந்தார். தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் அது நடக்கும். ஆகவே பயந்துகொண்டேதான் பேசினார். நோய் மட்டுமே ஒருவனைக் கையோங்க வைப்பது அபூர்வம் என்றார். பார்க்க வேண்டியது குடி இருக்கிறதா, முன்பே அடிதடியில் இறங்கிய பழக்கம் உண்டா, சுற்றி இருப்பவர்கள் சீண்டுகிறார்களா, மாத்திரையைத் திடீரென்று நிறுத்திவிட்டார்களா என்பவற்றைத்தான். இந்த நோயாளிகள் அடித்ததைவிட இவர்கள் வாங்கிய அடிதான் அதிகம் என்றும் சொல்லி, உடனே தண்ணீர் குடித்தார்.

தலைவருக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்திருந்தது.

"அருமையான பட்டியல் டாக்டர். சின்னச் சின்னத் திருத்தம் மட்டும் செய்வோம். குடியை எடுத்திருங்க. கடையை நடத்துறதே கவர்மெண்டு, குடிச்சா ஆபத்துன்னு நாமளே எழுதுனா நல்லாவா இருக்கும்? அடிதடிப் பழக்கமும் வேண்டாம். அதைச் சேர்த்தா ஊர்ப் பெரிய மனுஷங்க பாதிப் பேரு இங்க வந்து வரிசையில நிக்கணும். சுத்தி இருக்கவங்க சீண்டுறதுங்கிறது பொதுமக்களைக் குத்தம் சொல்ற மாதிரி. பொதுமக்களுக்காகத்தான் இந்தக் குழுவே."

எடுத்தது போக மாத்திரையும் நோயும் மிஞ்சின.

அடுத்து ஊர்ப் பிரதிநிதியின் சாட்சியம். ஓடைக்கரைப்பட்டியின் அமைதிப் பிரதிநிதியாக யோகராஜைப் போட்டிருந்தார்கள். சீனித்தாயின் பக்கத்து வீட்டுக்காரன். பகலில் பிராந்திக்கடையில் இருப்பான், சாயங்காலம் வந்து பெண்டாட்டி முத்துசெல்வியை அடிப்பான். அந்தத் தெருவில் அது விளக்கு வைப்பது மாதிரி ஒரு வேலை. அன்றைக்கும் வாடையோடுதான் மேடை ஏறினான். தலைவர் மரியாதை குறையாமல் கைக்குட்டையால் மூக்கைத் துடைப்பவர்போலப் பிடித்துக்கொண்டு, சோலை யாரையாவது அடித்திருக்கிறானா என்று கேட்டார்.

"இதுவரைக்கும் இல்லங்கய்யா. ஆனா அடிச்சிட்டாம்னா?"

"வேற ஏதாவது?"

"ஒருநா நான் எம் பொண்டாட்டியை அடிச்சிக்கிட்டிருக்கேன், இவன் குறுக்க வந்து நின்னுட்டான். ஒண்ணும் பேசல. கண்ணைச் சிமிட்டாம என்னையவே பாத்தான். எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சுய்யா. அன்னைக்கு அடிக்கவே முடியல."

மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 'குடும்ப வாழ்க்கைக்கு இடையூறு. அச்சமூட்டும் பார்வை' என்று பதிவாயிற்று.

சீனித்தாய் மாத்திரை கேட்டாள். கையிருப்பு தீர்ந்துகொண்டு வருகிறது, ஒருநாள் தவறினாலும் உறக்கம் கெடும் என்று டாக்டரைப் பார்த்துச் சொன்னாள். பதில் தலைவரிடமிருந்து வந்தது.

"அம்மா, நான் எத்தனையோ தராசு பாத்தவன். தட்டுல விரலை வச்சிக்கிட்டு எடை பாக்கப்பிடாது. இவன் மாத்திரை போட்டுக்கிட்டு அமைதியா இருக்கான். இது இவனோட அமைதியா, மாத்திரையோட அமைதியா? மாத்திரையை எடுத்துட்டு நிறுத்தாத்தான் உள்ளதை உள்ளபடி சொல்ல முடியும். அடுத்த அமர்வு வரைக்கும் மாத்திரை கிடையாது."

டாக்டர் தன் கைத்தாளில் மிச்சம் இருந்த மாத்திரை வரியைப் பார்த்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த அமர்வு எப்போது என்பது தலைவரின் ஓய்வைப் பொறுத்தது. அவர் குடும்பத்தோடு சபரிமலை போய்வந்தார். வேறொரு வட்டத்தில் குழுவின் செயல்பாட்டைப் பற்றி உரையாற்றப் போனார். இதற்குள் சோலைக்கு உறக்கம் போயிற்று. ஆட்டை எண்ணி அடைத்தவன், அடைத்ததை மறந்து திரும்பவும் எண்ணினான். பிறகு பழைய குரல்கள் வந்தன. சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, யாரோ வெளியே தன் பேரைச் சொல்கிறார்கள், நான் என்ன செய்தேன் என்று அக்காவிடம் கேட்டான். ஒரு கையால் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டே இருந்தான். வளர்ந்த ஆம்பிளை, வாசலுக்கு அவள் போனாலும் கூடவே வந்தான்.

சீனித்தாய் கோவில்பட்டிக்கு ஓடினாள். ஜேம்ஸ்ராஜ் டாக்டர் சாயங்காலங்களில் தனியாக நோயாளிகளைப் பார்க்கும் இடத்தில் காத்துக் கிடந்து உள்ளே போனாள். டாக்டர் நல்ல மனுஷர், எழுந்து நின்றே பேசினார்.

"நான் சீட்டு எழுதுனா குழு முடிவை மீறுன மாதிரி ஆயிரும்மா."

"யாருக்கும் தெரியாம எழுதிக் குடுங்கய்யா. நீங்க குடுத்து உசுரு வந்த புள்ள."

"அடுத்த அமர்வுல நானே எடுத்துச் சொல்லுதேன். ஆளை மட்டும் பத்திரமாப் பாத்துக்கோ."

மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கொடுக்க மாட்டோம் என்றார்கள். சட்டப்படி நடக்கிற கடை அந்த ஊரில் அது ஒன்றுதான் இருந்திருக்கும், அவள் அதில் போய் ஏறினாள்.

இரண்டாம் அமர்வுக்குச் சோலையை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். கட்டிய கயிற்றைப் பார்த்தானே தவிர முடிச்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தலைவர் ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். கடைக்குள் நுழைந்ததுமே கள்ளப் படிக்கல்லை மோப்பம் பிடித்தவர் அல்லவா, நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"பாத்தீங்களா டாக்டர்? மாத்திரையை எடுத்ததும் சாயம் வெளுத்துப் போச்சு. நான் அன்னைக்கே சொன்னேன்."

எடுத்துச் சொல்லுகிறேன் என்ற டாக்டர் மேசைவிரிப்பின் ஓரத்தில் இருந்த நூலை நிமிண்டிக்கொண்டிருந்தார். மாறுதல் உத்தரவு தட்டச்சுக்குப் போயிருந்தது.

குழு மூன்று நிறத்தில் அட்டை வைத்திருந்தது. பச்சை, ஆபத்தில்லாதவர்களுக்கு. மஞ்சள், சந்தேகத்துக்கு. சிவப்பு, ஆபத்தானவர்களுக்கு. சோலையின் கழுத்தில் சிவப்பு அட்டையை மாட்டினார்கள். எந்நேரமும் வெளியே தெரியும்படி அணிய வேண்டும், கழற்றினால் குற்றம். இன்னார் ஆடு என்று தெரிவதற்கு ஆட்டின் முதுகில் செங்காவி தடவுவது அந்தப் பக்கத்து வழக்கம். சோலை அட்டையைத் தொட்டுப் பார்த்தான்.

"என்னைய யாரு கிடையிலக்கா சேத்திருக்காவ?"

மேடையில் சிரித்தார்கள். நோயின் தீவிரத்துக்கு அதுவும் ஒரு சான்றாகப் பதிவாயிற்று.

மாத்திரை உண்டு என்று முடிவாயிற்று. ஆனால் சிவப்பு அட்டைக்காரர்களுக்கு உரிய மாத்திரை மாவட்டத் தலைநகரிலிருந்து தனிப் பாதுகாப்போடு வர வேண்டும். வந்ததும் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள்.

மாத்திரை வருவதற்கு முன்னால் ஆட்டோ வந்தது. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஊர் ஊராகப் போய்ச் சொன்னது: சிவப்பு அட்டை அணிந்தவர்களைக் கண்டால் பொதுமக்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும், தற்காப்புக்கு உரிய நடவடிக்கை எடுத்துக்கொள்ள வேண்டும். இடையிடையே பக்திப் பாட்டும் போட்டார்கள். அந்தப் பக்கத்தில் அதற்குமுன் சோலைக்குப் பயந்தவர் எவரும் கிடையாது. இப்போது பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். வருஷா வருஷம் புஞ்சைக்குக் கிடை கேட்டு வந்தவர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

ஆடு இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பட்டினி கிடக்காது. சீனித்தாய் குச்சிச் சட்டத்தைக் கம்பெனியில் போட்டுவிட்டு வருவதற்குள் சோலை பட்டியைத் திறந்து ஆட்டுக்குப் பின்னால் போய்விட்டான். கழுத்தில் அட்டையோடு, சட்டப்படிதான் போனான். உச்சி வெயிலுக்குப் பக்கத்து ஊர் எல்லையில் ஓர் உடைமரத்தடியில், தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு நின்றிருக்கிறான். மரத்தடியில் சிலர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் மேல் ஏற்கெனவே அடிதடி வழக்கு இருந்தது. ஆட்டோவில் சொன்ன ஆள் இவன்தான் என்று ஒருவன் சொல்ல, இன்னொருவன் உசுப்பேற்ற, சோலை கையிலிருந்த தொரட்டியைப் பிடுங்கி அதன் கழியாலேயே அடித்தார்கள். அவன் இரண்டு கையாலும் காதைத்தான் பொத்திக்கொண்டானாம், தலையை மறைக்கவில்லையாம். பார்த்த பெண் ஒருத்தி பிறகு சொன்னாள்.

டாக்டரின் பட்டியலில் தலைவர் அடித்துப் போட்டவை அத்தனையும் அந்த ஒரு மரத்தடியில் கூடியிருந்தன. மனநோய் மட்டும் அவர்கள் ஒருவருக்கும் கிடையாது.

சாயங்காலம் ஆடுகள் தாமாகவே ஊர் வந்து சேர்ந்தன.

மூன்றாம் அமர்வை விழாவாக நடத்தினார்கள். சிவப்பு அட்டை கொடுத்த சில நாளிலேயே, அட்டை பெற்றவர் தொடர்புடைய வன்முறை நிகழ்ந்தது குழுவின் கணிப்புத் திறனுக்குச் சான்று என்று மேலிடத்திலிருந்து பாராட்டு வந்திருந்தது. தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

"வன்முறை வரும்னு சொன்னோம். வந்துச்சா இல்லையா? எடை சொன்னா சொன்னதுதான்."

சீனித்தாயை அழைத்திருந்தார்கள். நோயாளியின் இரத்த உறவு, அதிலும் துக்கத்தில் இருப்பவர், கொந்தளித்துவிடக்கூடும் என்பதால் அவளையும் மதிப்பிட வேண்டும் என்று விதி. அவளைக் கட்டவில்லை, பொம்பிளை என்பதால் சலுகை. மேடைக்கு முன்னால் நிற்க வைத்தார்கள். டாக்டர் இடத்தில் புதிதாக வந்தவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஜேம்ஸ்ராஜ் மதுரைக்குப் போய்விட்டார்.

அவள்தான் முதலில் பேசினாள்.

"அடிச்சவிய யாரையும் கூப்பிடலையாய்யா?"

"அவங்க மனநோயாளி இல்லையேம்மா. நம்ம அதிகாரம் மனநோயாளிங்க வரைக்கும்தான்."

"அவிய ஜாமீன்ல வெளிய வந்தாச்சு. நேத்து அந்த மரத்தடியிலதான் இருந்தாவ."

"ஆரோக்கியமானவங்க எங்க வேணும்னாலும் இருக்கலாம்." தலைவர் பொன்னாடையைச் சரி செய்துகொண்டு கேள்வித் தாளை எடுத்தார். சாவு வீட்டில் இவள் சத்தம் போட்டு அழவில்லை என்று யோகராஜ் சாட்சி சொல்லியிருந்தான். அதைக் குறித்துவிட்டு, "உனக்கு யாரு மேலயாவது கோவம் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குய்யா."

மேடையில் நாற்காலிகள் லேசாகப் பின்னால் நகர்ந்தன. ஏட்டு நல்லக்கண்ணு எழுந்து நின்றார்.

"யாரு மேல?"

"பேரு சொல்லுதேன், எழுதிக்கிடுங்க."

தட்டச்சு செய்பவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தலையசைத்தார். சீனித்தாய் குரலை உயர்த்தாமல் சொன்னாள். மரத்தடியில் இருந்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாகச் சொன்னாள். யோகராஜ் பெயரைச் சொன்னாள். ஏட்டு நல்லக்கண்ணு பெயரைச் சொல்லி, அவர் அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னாள், அவர் ஆடு மேய்த்த ஊரையும் சொன்னாள். ஜேம்ஸ்ராஜ் டாக்டர் பெயரைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்தி, பிறகு சொன்னாள். தட்டச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"அடுத்தது எழுதுங்க. வன்னியபெரு..."

"போதும்மா," என்றார் தலைவர்.

தட்டச்சு நின்றது. குழு தலைகளைக் கூட்டி மெல்லிய குரலில் ஆலோசித்தது. இவளைச் சிவப்பில் போட்டால் காரணத்தை எழுத வேண்டும். காரணத்தை எழுதினால் அந்தப் பெயர்களை எழுத வேண்டும். எழுதினால் அது மேலே போகும், எவனாவது படித்துத் தொலைப்பான். மஞ்சளுக்கும் அதே சிக்கல்தான். காரணம் எழுதத் தேவையில்லாத அட்டை ஒன்றுதான் இருந்தது. தாளை இயந்திரத்திலிருந்து உருவி, கிழித்து, குப்பைக் கூடையில் போட்டார்கள். முகம் மலர்ந்து தலைவரே மேடையை விட்டு இறங்கி வந்து, பச்சை அட்டையைச் சீனித்தாயின் கழுத்தில் மாட்டினார். புகைப்படம் எடுத்தார்கள்.

சீனித்தாயால் எவருக்கும் எந்த ஆபத்தும் இல்லை என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. அவள் பிறந்ததிலிருந்து அதுவரை யாரும் அவளை அவ்வளவு கேவலமாகப் பேசியதில்லை.